கடைசிக் கேள்வியில் மழை

கும்பகோணத்திலிருந்து கிளம்பும்போது என் பையில் துணியைவிட மருந்து அதிகமாக இருந்தது. காய்ச்சல் மருந்து, வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைப் பொட்டலம், தெர்மாமீட்டர், கொசுக்கடிக்கு ஒரு களிம்பு, அந்தக் களிம்பு ஒத்துக்கொள்ளாவிட்டால் பூச இன்னொரு களிம்பு. மகள் யாழினிக்கு இரண்டரை வயது. அவளைத் தூக்கிக்கொண்டு நான் தனியாகப் போகும் முதல் வெளியூர்ப் பயணம் இது. கல்யாணத்துக்கோ குலதெய்வம் கோயிலுக்கோ என்றால் வீட்டில் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். பொது அறிவுப் போட்டிக்குப் போகிறேன் என்றதும் மாமியார், “அதுக்கு ஏன் அவ்வளவு தூரம் போகணும்?” என்று நியாயமாகவே கேட்டார். கணவர்தான், “போயிட்டு வா. போகலேன்னா போயிருக்கலாமோ போயிருக்கலாமோன்னு ஒரு வருஷம் சொல்லிக்கிட்டே இருப்பே” என்றார். என்னை அவருக்குத் தெரியும்.

கூப்பிட்டது ராஜேஸ்வரி. மதுரையில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. இருவரும் கல்லூரியின் வினாடி வினா அணியில் இருந்தோம். இப்போது அவள் விளாத்திகுளத்துக்கும் புதூருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் மருமகள். கோவில்பட்டியில் ஒரு வாசகர் மன்றத்தார் பெண்களுக்கென்று பொது அறிவுப் போட்டி வைத்திருந்தார்கள். மூன்று பேர் சேர்ந்து ஓர் அணி. ஒருவர் வெளியூராக இருக்கலாம். ராஜியின் அணியில் இருந்த பக்கத்து வீட்டுப் பெண் பிரசவத்துக்குப் பிறந்த வீடு போய்விட்டாள். “நீ வந்தே ஆகணும்ட்டி. விளையாட்டுக்குக் கூப்பிடல” என்றாள் ராஜி. விளையாட்டுக்கு இல்லையென்றால் வேறெதற்கு என்பதை அவள் போனில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது முதலில் கண்ணில் பட்டது கடலைமிட்டாய். கடைக்குக் கடை அடுக்கியிருந்தார்கள். யாழினி கையை நீட்டினாள். தொண்டையில் சிக்கிக்கொள்ளுமோ என்று யோசித்தேன். பொடித்துக் கொடுத்தால் என்ன என்று அடுத்து யோசித்தேன். அதற்குள் கடைக்காரர் ஒரு துண்டைத் தானே பொடித்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டார். “யோசிக்காதீங்க அக்கா, கடலையும் வெல்லமுந்தான்.” முழுதாக முழுங்கி முடிக்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிராமத்துக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி தன் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள்: அவள் அம்மா வந்தால் கறிக்குழம்பு வைக்கிறாளாம், இவள் போனால் ரசம். மற்றவள் சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, “ஒனக்கு ரசமாவது ஊத்துதாளே” என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சு நகரவில்லை.

பாதி வழியில் பேருந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி, சக்கரத்தைப் பார்த்து, எங்கோ போன் பேசினார். யாரும் பதறவில்லை, கீழே இறங்கி வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் ஒருத்திதான் நடத்துநரிடம் எவ்வளவு நேரமாகும், வேறு வண்டி வருமா, குழந்தைக்குப் பால் கிடைக்குமா என்று கேட்டபடி இருந்தேன். “வரும்க்கா” என்பதே எல்லாவற்றுக்கும் பதில்.

அந்த நிழலில்தான் நிலத்தை நன்றாகப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் எந்தத் திசையில் பார்த்தாலும் கண்ணை ஏதாவது பச்சை மறித்துவிடும்: வாழை, தென்னை, மூங்கில். இங்கே மறிப்பதற்கு ஒன்றுமில்லை. உழுது போட்ட கறுப்பு மண் வானம் வரைக்கும் போகிறது. தூரத்தில் காற்றாலைகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. யாழினி ஒரு மண்கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அவள் கையைத் துடைக்க ஈரத்துணி தேடுவதற்குள் கட்டியை உடைத்துத் தன் கவுனில் தேய்த்துவிட்டாள். அந்தக் கறை இன்னும் போகவில்லை.

ராஜி வீட்டில் நான்கே பேர். அவள், ஐந்து வயது மகன், மாமனார், எதிர் வீட்டிலிருந்து எந்நேரமும் இங்கேயே இருக்கும் நாத்தனார் பேச்சியம்மாள். மாமியார் காலமாகிவிட்டார். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். பேச்சியம்மாள்தான் அணியின் மூன்றாவது ஆள். ராஜியைவிட ஏழெட்டு வயது மூத்தவள், எட்டாவது வரை படித்தவள், கையில் எப்போதும் செல்போன். என்னைப் பார்த்த முதல் நிமிடத்திலேயே, “சுதா, ஒங்க ஊர் வெத்தல நல்லாருக்கும்பாவளே, கொண்டாந்தியா?” என்று கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை. களிம்புகள் இருந்த இடத்தில் வெற்றிலையை வைத்திருக்கலாம்.

மதியம் சோறும் கருவாட்டுக் குழம்பும் சீனியவரைக்காய் வற்றலும். தண்ணீரில் உப்புக் கரித்தது. யாழினிக்கு நான் கொண்டுவந்திருந்த தண்ணீரையே கொடுத்தேன். பேச்சி அதைக் கவனித்தாள். சாயங்காலம் அந்தத் தண்ணீர் தீர்ந்துபோனபோது, “காய வச்சு ஆத்தி வச்சிருக்கேன். ஒனக்குத் தெரியாமலே ரெண்டு வாய் குடிச்சிட்டா” என்று சொம்பை நீட்டினாள்.

ராஜி ஏன் கூப்பிட்டாள் என்பது அன்று சாப்பாட்டின்போது தெரிந்தது. அவள் அரசுப் பணித் தேர்வு இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கொஞ்சத்தில் தவறவிட்டிருக்கிறாள். மூன்றாம் முறை எழுத ஆசை. மாமனார் போதும் என்கிறார். அவர் கோபக்காரர் இல்லை. தட்டைப் பார்த்தபடி நிதானமாகத்தான் பேசினார்.

“எம்மவன் அங்கன தனியாப் பொங்கித் திங்கான். பிள்ளை இங்கன அப்பன் மொகத்தை மறந்துகிட்டு வாரான். இவ பாட்டுக்கு புஸ்தகத்தை வச்சுக்கிட்டு இருக்கா. எத்தனை வருசத்துக்கு?”

பேச்சி இடையில் புகுந்தாள். “எப்பா, அன்னைக்கு என்ன சொன்னிய? போட்டியில செயிச்சா எழுதட்டும்னியளா இல்லையா?”

“சொன்னேன். டவுன்காரிகளை செயிச்சுட்டு வந்தான்னா இன்னொரு தடவை எழுதட்டும். இல்லைன்னா தீவாளிக்கு அவன் வரும்போது இவளும் பிள்ளையும் கூடக் கிளம்பிரணும். ரெண்டுஞ் சொன்னேன்.”

ராஜி தலையைக் குனிந்தபடி குழம்பு ஊற்றினாள். பந்தயம் இவ்வளவு பெரியதென்று தெரிந்திருந்தால் வந்திருப்பேனா? என்னைவிட நல்ல ஆள் யாராவது கிடைத்திருப்பார்களோ? கல்லூரியில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. சரியான விடையைச் சொல்லிவிட்டுத் தப்பாக மாற்றுபவள். ராஜிக்கு அது தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை முதல் சுற்று, விளாத்திகுளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். பத்துப் பன்னிரண்டு அணிகள். மின்சார மணி வரவில்லை என்று ஒவ்வொரு அணிக்கும் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொடுத்துவிட்டார்கள். முதலில் தட்டுகிறவர் விடை சொல்ல வேண்டும். தப்பென்றால் மதிப்பெண் குறையும். கடைசியாகச் சொன்ன விடைதான் கணக்கு.

பேச்சியின் கையில் கரண்டி இருந்தது எங்கள் முதல் தவறு. “சூரியக் குடும்பத்தில் மிகவும் வெப்பமான...” என்று போட்டி நடத்துநர் ஆரம்பித்ததுமே தட்டிவிட்டாள். “புதன். அதுதான் சூரியனுக்குப் பக்கத்துல இருக்கு” என்றாள் தெம்பாக. வெள்ளி என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் மதிப்பெண் போய்விட்டது. “பக்கத்துல இருக்கவனுக்குத்தான சுடும்?” என்று அவள் நடத்துநரிடமே கேட்டாள். அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போனார்.

ஆனால் மூன்று இதயங்கள் உள்ள உயிரினம் எது என்று கேட்டபோதும் அவள்தான் தட்டினாள். “ஆக்டோபஸ். போன்ல பாத்தேன்.” அது சரி. போனில் என்னென்ன பார்த்திருக்கிறாள் என்பது அவளுக்கே தெரியாது. கேள்வி வந்தால்தான் தெரியும்.

கப்பலோட்டிய தமிழன் பிறந்த ஓட்டப்பிடாரத்து அணி இருக்கும்போது கப்பலைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. கூடம் முழுக்கச் சிரித்தது. “அவியகிட்ட போயி கப்பலைக் கேக்குதியளே” என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அந்தப் பெண்கள் கேள்வி முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

என் முறையும் வந்தது. உலகிலேயே சிறிய கண்டம் எது? நான் தட்டினேன். “ஆஸ்திரேலியா” என்றேன். சொன்ன உடனே சந்தேகம். ஆஸ்திரேலியா வரைபடத்தில் எவ்வளவு பெரிதாக இருக்கிறது. ஐரோப்பா அல்லவா நெருக்கமாக, குட்டியாக இருக்கும்? “இல்லை, ஐரோப்பா.” நடத்துநர் வருத்தத்தோடு தலையசைத்தார். ராஜி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எங்களைக் காப்பாற்றியது யாழினி. என் மடியில் இருந்தவள், நடத்துநர் ஏதோ கேட்டு முடித்த நொடியில் கரண்டியைப் பிடுங்கித் தட்டில் ஓங்கி அடித்துவிட்டாள். எனக்குக் கேள்வியே காதில் விழவில்லை. ராஜி மட்டும் அமைதியாக, “உள்காதில்... இல்ல, நடுக்காதில். அங்கவடி எலும்பு” என்றாள். உடலின் மிகச் சிறிய எலும்பு எங்கே இருக்கிறது என்பது கேள்வியாம். ராஜியும் மாற்றித்தான் சொன்னாள். ஆனால் அவள் மாற்றினால் சரியாகிறது. அந்தக் கேள்வியால் இரண்டாம் இடம் பிடித்து இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தோம்.

திரும்பும்போது பேருந்து நிலையத்தில் பரோட்டா சாப்பிட்டோம். ராஜி சொன்னாள்: “நாளைக்கு ஒனக்குச் சந்தேகம் வந்தா எங்க ரெண்டு பேருகிட்டயும் கேளு. நாங்க ஒண்ணா ஒரு விடை சொன்னா, அதையே வச்சிக்கிடுவோம். மாத்தாத.” நான் சரி என்றேன். இதைவிட எளிமையான வாக்கை யாருக்கும் கொடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேருந்து வரவில்லை. வருகிற பேருந்துதான், அன்று மட்டும் வரவில்லை. ராஜியின் மாமனார் விடியும் முன்பே காட்டுக்குப் போயிருந்தார். இந்தப் பக்கம் காடு என்றால் அவரவர் நிலம். கேட்க வேறு ஆளில்லை. கடைசியில் கோவில்பட்டிக்குக் காலி தண்ணீர் கேன்களை ஏற்றிப் போன லோடு ஆட்டோவைப் பேச்சி கைகாட்டி நிறுத்தினாள். ஓட்டுபவன் அவளுக்கு ஏதோ முறையில் கொழுந்தன். “பாத்து ஓட்டுலே, உள்ள பூராவும் அறிவு இருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். காலி கேன்கள் ஒவ்வொரு பள்ளத்திலும் எங்கள் மேல் விழுந்தன. நான் யாழினியை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் தலையில் எதுவும் படாமல் கையைக் கவிழ்த்து வைத்திருந்தேன். அவளோ ஒவ்வொரு கேன் விழும்போதும் சிரித்தாள். போட்டி நடந்த கல்யாண மண்டபத்து வாசலில் இறங்கியபோது எங்கள் மூவரின் புடவைகளும் மூன்று விதமாகக் கசங்கியிருந்தன.

இறுதிச் சுற்றில் நான்கு அணிகள். எங்களுக்கு நேர் எதிரே கோவில்பட்டி டவுன் அணி. மூவரும் ஒரே நிறப் புடவை. அவர்களில் கண்ணாடி போட்ட பெண் தனியார் பள்ளி ஆசிரியை. யாழினியைப் பார்த்துச் சிரித்து ஒரு பிஸ்கட் கொடுத்தார். எதிரி என்று நினைத்துக்கொள்ள முடியாத ஆட்கள்.

அன்று கரண்டி ராஜியிடம் இருந்தது. அவள் அவசரப்படவில்லை. நான் சந்தேகம் வந்தபோதெல்லாம் கேட்டேன். இருவரும் ஒன்றாகச் சொன்னால் வாயை மூடிக்கொண்டேன். எல்லோருக்கும் கொடுக்கக்கூடிய ரத்த வகை, மிகப் பெரிய கோள், பருவமழை முதலில் எந்த மாநிலத்தில் தொடங்குகிறது என்று கேள்விகள் ஓடின. மதியத்துக்குள் மற்ற இரண்டு அணிகளும் பின்தங்கின. நாங்களும் டவுன் அணியும் சமம்.

கடைசிக் கேள்விக்குத் தட்டு இல்லை. இரண்டு அணிக்கும் ஒவ்வொரு சிலேட்டும் சாக்பீஸும் கொடுத்தார்கள். எழுதி, ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். நடத்துநர் கையிலிருந்த தாளைப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் படித்தார். “மானாவாரி விவசாயத்தில் இவற்றைச் சரியான வரிசையில் எழுதுக. விதைப்பு, மழை, முளைப்பு, உழவு.”

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சாக்பீஸ் என்னிடம் இருந்தது. நான் ‘மழை’ என்று எழுதிவிட்டேன். உலை வைக்காமல் சோறு வடிக்கச் சொன்னவளைப் பார்ப்பதுபோல இருவரும் என்னைப் பார்த்தார்கள். பேச்சி முந்தானையால் அதை அழித்தாள்.

“உழவு, விதைப்பு, மழை, முளைப்பு” என்றாள் ராஜி தாழ்ந்த குரலில்.

“மழை இல்லாம எப்படி விதைக்கிறது?” என்றேன்.

“இங்கன புழுதியிலதான் விதைப்போம். மழை பிந்தித்தான் வரும். எங்க மாமா இன்னைக்கு விதைக்கத்தான் போயிருக்காவ. வானத்தைப் பாத்தியா? ஒரு பொட்டு மேகம் இருக்கா?”

நான் வயலைப் பேருந்து சன்னலில் மட்டும் பார்த்தவள். அப்பா கூட்டுறவு வங்கியில் எழுத்தர். எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. ஆனால் பாடப்புத்தகம் படித்திருக்கிறேன். மழை பெய்யும், உழுவார்கள், விதைப்பார்கள், முளைக்கும். படம்கூட நினைவில் இருந்தது. கேள்வி எழுதியவரும் அந்தப் புத்தகத்தைத்தானே படித்திருப்பார்? சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. இருவரும் ஒன்றாகச் சொன்னால் மாற்றாதே என்பது பேச்சு. முந்தின நாள் ஐரோப்பா என்று சொன்ன வாய் இது. பேசாமல் அவர்கள் சொன்னபடியே எழுதினேன்.

டவுன் அணியின் சிலேட்டில் மழை முதலில் இருந்தது. நடத்துநரின் தாளிலும் அப்படியே.

மண்டபத்தின் பின் வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். “அண்ணாச்சி, மழை பேஞ்ச பெறகு இந்த மண்ணுல உழுவப் போனா டிராக்டர் புதைஞ்சிரும்லா? தூக்குததுக்கு நீங்க வருவியளா?” எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்போடு முணுமுணுப்பும் எழுந்தது. இன்னொருவர், ஈரம் காய்வதற்குள் விதைக்கிற பருவமே போய்விடும் என்றார். நடத்துநர் மேடைக்குப் பின்னால் போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். நல்ல மனிதர்தான். கேள்விகளைத் தயாரித்தது வேறொருவர் என்றும், தாளில் இருப்பதை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் கையைக் கூப்பிச் சொன்னார்.

எங்களுக்கு இரண்டாம் பரிசு, ஆளுக்கொரு தூக்குச்சட்டி. கண்ணாடி போட்ட ஆசிரியை மேடையிலிருந்து இறங்கும்போது ராஜியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அப்பாவும் கயத்தாறு பக்கத்தில் புழுதியில்தான் விதைப்பாராம். “எனக்கும் தெரியும்மா. ஆனா கேக்குறவங்க என்ன எதிர்பார்ப்பாங்கன்னு பாத்து எழுதிட்டேன். பிள்ளைகளுக்கும் அப்படித்தான சொல்லிக்குடுக்கேன்.” பெருமையாகச் சொல்லவில்லை. எங்களைவிடச் சங்கடத்தோடுதான் இருந்தார்.

திரும்பும் பேருந்தில் இடம் கிடைத்தது. பேச்சி மட்டும் கேள்வி எழுதியவரைக் காட்டுக்குக் கூட்டிப்போய், மழை பெய்த மறுநாள் நடுக்கரிசலில் நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நான் மனதுக்குள் மழை என்று எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன். நான் மாற்றிக் கெடுத்தது ஒரு நாள். மாற்றாமல் கெடுத்தது மறுநாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தேர்வு எழுதியிருப்பாள். கடைசியில் அதைச் சொல்லியும் விட்டேன்.

“எனக்கு அந்தப் புத்தகம் ஞாபகம் இருந்தது ராஜி. சொல்லாம இருந்துட்டேன்.”

அவள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த யாழினியின் காலைத் தன் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். “நீ சொல்லியிருந்தாலும் நான் எழுத விட்டிருக்க மாட்டேன்” என்றாள். கொஞ்சம் கழித்து, “பரீட்சையிலயும் இப்படித்தான் எத்தனை கேள்விக்கு எழுதிட்டு வந்தேனோ” என்றாள்.

வீட்டுக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. மாமனார் அப்போதுதான் காட்டிலிருந்து வந்து, முற்றத்துக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். தலை முதல் முழங்கால் வரை புழுதி.

“செயிச்சியளா?”

“இல்ல மாமா. ரெண்டாவது” என்றாள் ராஜி.

“சரி” என்றார். அவ்வளவுதான். மறுபடி தண்ணீரை மொண்டு ஊற்றினார். ராஜி உள்ளே போகத் திரும்பினாள். பேச்சியால் தாங்க முடியவில்லை.

“என்ன கேள்வியில தோத்தோம்னு கேளுங்கப்பா.”

“எதுல தோத்தா என்ன?”

“கேளுங்களேன்” என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். கேள்வியைச் சொன்னாள், ராஜி சொன்ன விடையைச் சொன்னாள், தாளில் இருந்த விடையைச் சொன்னாள். அவர் கையில் சொம்பு அப்படியே நின்றது. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள்.

“மழைக்குப் பெறகு உழவா?”

“ஆமா. நாம சொன்னது தப்பாம்.”

அவர் சொம்பைக் கீழே வைத்தார். “அப்பம் நான் காலையில இருந்து செஞ்சுட்டு வந்தது என்ன?”

அவர் என்னைப் பார்த்தார். “ஒங்க ஊர்ல எப்படித் தாயி?”

“ஆத்துல தண்ணி வந்த பிறகுன்னு நினைக்கிறேன்ப்பா. எனக்குச் சரியாத் தெரியாது. நானும் மழையைத்தான் முதல்ல எழுதினேன். இவங்க ரெண்டு பேரும் அழிச்சிட்டாங்க.”

“நீ எழுதுனதை விட்டிருந்தா செயிச்சிருப்பிய.”

“ஆமாம்ப்பா.”

அவர் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். துண்டுக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. “நல்லாருக்கு. நான் விதைக்கது தப்புன்னு ஊருக்கு முன்னால எழுதிக் குடுத்து, அதுல செயிச்சு, அந்தக் கோப்பையைக் கொண்டாந்து எங்கிட்டயே காட்டியிருப்பிய. நானும் வாக்குக் குடுத்துட்டேன்னு சரி சொல்லியிருப்பேன்.”

பேச்சி சிரித்தாள். ராஜி சிரிக்கவில்லை. வாசல்படியில் ஒரு காலை வைத்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கொடியில் துண்டை விரித்துப் போட்டு, சுருக்கத்தை நீவிவிட்டு, வேண்டிய அளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

“மவன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். தீவாளிக்கு வந்து பிள்ளையைப் பாத்துட்டுப் போகட்டும். நாளைக்கும் விதைப்பு இருக்கு, நீ வர வேண்டாம். படி.”

ராஜி நன்றி சொல்லவில்லை, ஒரு கேள்விதான் கேட்டாள். “பரீட்சையிலயும் இதே கேள்வியைக் கேட்டா என்ன மாமா எழுத?”

“அவன் தாள்ல என்ன இருக்கோ அதை எழுதிட்டு வா” என்றார். “நாம இங்கன நம்ம பாட்டுக்கு விதைச்சுக்கிடுவோம்.”

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கம்மங்கஞ்சியும் சின்ன வெங்காயமும். யாழினி என்னைக் கேட்காமலே ராஜி மகனின் கிண்ணத்தில் கைவிட்டுக் குடித்தாள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று நினைத்தேன், தடுக்கவில்லை. கணவருக்குப் போன் செய்து தோற்றுவிட்டோம் என்றேன். “அப்புறம் ஏன் சிரிக்கிறே?” என்றார். நேரில் சொல்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை காலையில் வெயில் ஏறும் முன்பே எல்லோரும் கிளம்பிவிட்டோம். விதைப் பெட்டி பூட்டிய டிராக்டர் முன்னால் போனது. மாமனாரும் பேச்சியும் அவள் கணவரும் பின்னால் நடந்தார்கள். ராஜி யாழினியைத் தூக்கிக்கொண்டு என்னோடு சாலைவரை வந்தாள். அன்று பேருந்து சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. ஒழுங்காக விடைபெறக்கூட நேரமில்லை. சன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். ஊர்க்காரர்கள் எல்லோரும் தெற்கே, காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். வானத்தில் மேகமே இல்லை. ராஜி ஒருத்தி மட்டும் எதிர்த்திசையில், வீட்டைப் பார்த்து நடந்தாள். வழியில் யாரோ நிறுத்தி ஏதோ கேட்டார்கள். அவள் நிற்காமலே பதில் சொல்லிவிட்டுப் போனாள்.